முழங்காலுக்கு மேலே முறியும் தொடை எலும்பு

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



சர்க்கரை நோய் குறித்துப் பேசுமாறுதான் செயலாளர் அவர்கள் என்னிடம் கேட்டிருந்தார்கள். அது குறித்துப் பேச இம்மாவட்டத்தில் பலர் உள்ளனர். நான் எலும்பு பார்க்கும் மருத்துவன். நம் ஊரைத் தொட்டுக்கொண்டு தூத்துக்குடி–திருநெல்வேலி நாற்கரச் சாலை செல்கிறது. துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஓடும் அச்சாலையை, பள்ளிக்கு வருவதற்காகவும் கடைக்குச் செல்வதற்காகவும் நாம் இரு சக்கர வண்டியில் குறுக்கே கடக்கிறோம். ஆகவே, அச்சாலை எனக்கு அனுப்பி வைக்கும் காயங்களுள் மிகக் கொடியதும், அதே வேளையில் நம்மவர்கள் மிகத் தவறாகக் கையாள்வதுமான ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். பெருந்தன்மையுடன் இசைந்தார்கள். ஜஸாகல்லாஹ்.

பல ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது இது. வளைகுடா நாட்டிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்திருந்த இளைஞர் ஒருவர் இரவு நேரத்தில் பைக்கில் வந்தபோது நின்றிருந்த வாகனத்தின் மீது மோதினார். தலைக்கவசம் அணிந்திருந்தமையால் தலை தப்பியது. முழங்காலுக்குச் சற்று மேலே தொடை வளைந்து போயிற்று. கூடியவர்கள் நல்ல மனத்துடன்தான் உதவினார்கள்; ஆனால் அவரைத் தூக்கி, காலை மடக்கி, ஆட்டோவின் பின்னிருக்கையில் திணித்தார்கள். மருத்துவமனைக்குப் போனால் ஆணி அடிப்பார்கள், பிளேட் வைப்பார்கள், வாழ்நாள் முழுவதும் நொண்ட வேண்டியதுதான் என்று உறவினர் ஒருவர் சொல்ல, ஒரு கட்டு வைத்தியரிடம் கொண்டு சென்றார்கள். மூங்கில் பத்தை வைத்து, முட்டையும் மருந்துப் பொடியும் குழைத்துப் பூசி, இறுகக் கட்டினார்கள். மறுநாள் பாதம் மரத்துப் போயிற்று என்றார். கட்டு பிடித்திருக்கிறது, அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள். மூன்றாம் நாள் விரல்கள் கறுத்தன. அன்றுதான் என்னிடம் அழைத்து வந்தார்கள். கட்டை அவிழ்த்தபோது அறையில் எழுந்த வாடையே எனக்கு யாவற்றையும் சொல்லிவிட்டது. உயிரைக் காக்கத் தொடையோடு காலை எடுக்க வேண்டியதாயிற்று. இருபத்தாறு வயது. விசா காலாவதியானது, நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணமும் நின்று போயிற்று.

அவருடைய கால் எதனால் அழுகிற்று என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு எலும்பின் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன்.

உடலிலேயே நீளமானதும் வலிமை மிக்கதும் தொடை எலும்பு. நடுவில் கெட்டியான குழாயாக இருக்கும் அது, முழங்காலை நெருங்க நெருங்க அகன்று, இரண்டு குமிழ்களாகப் பிரிகிறது. அக்குமிழ்களின் மேல் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதன் மீதுதான் முழங்கால் மடங்கி நிமிர்கிறது. அகன்ற இப்பகுதியில் எலும்பின் புறத்தோடு மெல்லியது. உள்ளே கடற்பஞ்சு போன்ற சல்லடை. மூட்டிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் உயரத்துக்குள் நேரும் முறிவுகளையே இன்று நான் சொல்லும் வகையில் சேர்க்கிறோம். சில முறிவுகள் குமிழ்களுக்கு மேலேயே நின்றுவிடும். சில கீழிறங்கி இரு குமிழ்களையும் பிளந்து மூட்டுக்குள் நுழையும். பின்னதில் முழங்காலே உடைந்தது என்று கொள்ளவேண்டும்.

இனி, தசைகளைப் பாருங்கள். கெண்டைக்காலின் பெரிய தசை குதிகாலில் தொடங்கி மேலேறி, முழங்காலைத் தாண்டி, இக்குமிழ்களின் பின்புறத்தில் பற்றிக்கொண்டிருக்கிறது. எலும்பு முழுதாக இருக்கும்வரை அதனால் தீங்கில்லை. எலும்பு முறிந்தவுடன், நங்கூரம் அறுந்த தோணியைக் கயிறு ஒரு பக்கமாக இழுப்பதுபோல், அத்தசை கீழ்த்துண்டைப் பின்னோக்கிச் சாய்த்துவிடும். தொடையின் முன் தசையும் பின் தசையும் சேர்ந்து காலை மேல்நோக்கி இழுத்துக் குட்டையாக்கும். முறிந்த எலும்பின் கூரிய விளிம்பு இப்போது எங்கே நிற்கிறது? முழங்காலின் பின்குழியில். அக்குழியில்தான் காலுக்கும் பாதத்துக்கும் இரத்தம் கொண்டு செல்லும் பெரிய தமனி ஓடுகிறது. மேலேயும் கீழேயும் தசை வளையங்களால் கட்டுண்டிருப்பதால் ஒதுங்கிக்கொள்ள அதற்கு இடமில்லை. எலும்பின் விளிம்பு அதனைக் கிழிக்கலாம், நசுக்கலாம், உள்சுவரைச் சிதைத்து இரத்தத்தை உறையச் செய்யலாம். மேலே தோலில் ஒரு கீறலும் இராது.

இரத்த ஓட்டம் நின்ற தசை ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது அரிது. ஆகவே இம்முறிவோடு வருபவரைப் பார்த்ததும் மருத்துவர் பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்புறத்திலும் நாடியைத் தொட்டுப் பார்க்கிறார். எக்ஸ்ரே அதற்குப் பிறகுதான். அவ்விளைஞரின் நாடியை மூன்று நாள் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. எலும்பின் விளிம்பு பாதி அடைத்ததை, வீங்கும் காலின் மேல் இறுகிய கட்டு முழுதும் அடைத்துவிட்டது.

கட்டு வைத்தியர்கள் அனைவரையும் நான் இகழ்வதாக எண்ணிவிட வேண்டாம். எலும்பு கட்டும் கலை நம் சமுதாயத்துக்கு அந்நியமானதன்று. 'ஜப்ர்' என்னும் அரபுச் சொல்லுக்கு முறிந்ததை ஒன்று சேர்த்தல் என்பது பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி தம் கணித நூலுக்கு அச்சொல்லையே சூட்டினார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் 'அல்ஜிப்ரா' அதிலிருந்து வந்ததே. ஸ்பெயின் நாட்டில் வெகுகாலம் எலும்பு கட்டுபவரை 'அல்ஜெப்ரிஸ்டா' என்றே அழைத்தார்கள். இரண்டு ஸஜ்தாக்களுக்கு நடுவில் அமர்ந்து நாம் ஓதும் துஆவில் 'வஜ்புர்னீ' என்று கேட்கிறோமே, அதுவும் இதே வேர்ச்சொல்தான். முழங்காலை மடக்கி அமர்ந்துகொண்டு, முறிந்ததைச் சேர்த்து வைக்குமாறு அவனிடம் கேட்கிறோம். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். பத்தாம் நூற்றாண்டில் குர்துபாவில் பணியாற்றிய அஸ்ஸஹ்ராவி முப்பது பாகங்கள் கொண்ட தம் மருத்துவக் களஞ்சியத்தின் இறுதிப் பாகத்தை அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கி, அதில் ஒரு பகுதி முழுவதையும் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும் அளித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெயர்க்கப்பட்ட அந்நூலைப் படித்துத்தான் ஐரோப்பியர் பல தலைமுறைகள் அறுவை செய்தனர்.

நம் பக்கத்து வர்ம ஆசான்களும், ஆந்திராவின் புத்தூர்க் கட்டுக்காரர்களும் முன்கையில், விரலில், குழந்தைகளின் எலும்பில் நேரும் நேரான முறிவுகளைச் சேர்த்து வைப்பதை நானே கண்டிருக்கிறேன். அவை அசையாமல் வைத்தாலே கூடும் எலும்புகள். முழங்காலுக்கு மேல் முறிந்த தொடை அப்படிப்பட்டதன்று. சுற்றிலும் திரண்ட தசை இருப்பதால் வெளிக்கட்டு எலும்பைப் பிடிப்பதில்லை. உள்ளே துண்டுகள் தம் போக்கில் நழுவும். மூட்டுக்குள் போன முறிவில் துண்டுகள் நூலளவு மேடுபள்ளமாகக் கூடினாலும் குருத்தெலும்பு தேய்ந்து, சில ஆண்டுகளில் முழங்கால் பாழாகும். கைவிரலால் தடவி அம்மேடுபள்ளத்தை அறிய எவராலும் இயலாது, என்னாலும் இயலாது.

என் பிழை ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி முடித்த புதிதில், பைக்கிலிருந்து விழுந்த ஒருவரின் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, நரம்பு பிசகியிருக்கும் என்று மாத்திரை எழுதி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து முழங்கால் கோணி வந்தார். ஒரு குமிழின் பின்பாதி மட்டும் ரொட்டித் துண்டு சீவியதுபோல் பிளந்து பின்னால் விலகியிருந்தது. ஜெர்மானிய மருத்துவர் ஹோஃபாவின் பெயரால் வழங்கும் முறிவு அது. முன்னிருந்து எடுக்கும் படத்தில் முழு எலும்பு போலவே காட்சி தரும். பக்கவாட்டுப் படத்தை நான் ஊன்றிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, முழங்கால் இரத்தம் கட்டி வீங்கி, கால் ஊன்ற முடியாமல் வரும் எவருக்கும் ஐயம் தீரும்வரை சி.டி. ஸ்கேன் எடுக்காமல் விடுவதில்லை. 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்களே, பின் எதற்கு ஸ்கேன், பணம் பிடுங்கவா?' என்று கேட்பவர்களுக்கு இதுவே என் விடை.

சிகிச்சை எவ்வாறு வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் தொடை எலும்பு முறிந்த சிப்பாய்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. முறிந்த தொடைக்குள் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை இரத்தம் கசிந்துவிடும். ஆட்ட ஆட்ட இன்னும் கசியும். லிவர்பூலைச் சேர்ந்த ஹியூ ஓவன் தாமஸ் வடிவமைத்த இரும்புச் சட்டத்தை அவருடைய மருமகன் ராபர்ட் ஜோன்ஸ் போர்முனைக்குக் கொண்டு சென்றார். காலை அசையாமல் இழுத்துப் பிடித்ததாலேயே இறப்பு பெருமளவு குறைந்தது. அச்சட்டம் இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. பெரியவர்களில் சிலர், காலில் கம்பி குத்தி, எடை கட்டித் தொங்கவிட்டு, மாதக்கணக்கில் கிடந்த உறவினரைப் பார்த்திருப்பீர்கள். 1967இல் கூட, நியூயார்க்கின் சார்லஸ் நீர் என்னும் புகழ்பெற்ற அறுவை மருத்துவர், இம்முறிவில் அறுவை செய்தவர்களைவிட இவ்வாறு கிடந்தவர்களே நலமாக இருந்தனர் என்று எழுதினார். அன்றைய பிளேட்டுகள் அவ்வளவு பலவீனமானவை. 1958இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் தொடங்கிய ஏ.ஓ. அமைப்பின் உழைப்பால் கருவிகள் திருந்தின. இன்று திருகாணியின் தலை பிளேட்டிலேயே மரையிட்டுப் பூட்டிக்கொள்ளும் வகைப் பிளேட்டுகளைப் பயன்படுத்துகிறோம். மெலிந்த எலும்பிலும் அவை பிடிக்கும். சிலருக்கு முழங்கால் வழியாக எலும்பின் நடுக்குழாயில் ராடு செலுத்துவோம். தோல் கிழிந்து எலும்பு வெளிவந்திருந்தால் முதலில் காயத்தைக் கழுவி, வெளிச்சட்டம் பூட்டி வைத்துவிட்டு, தோலும் தசையும் தெளிந்தபின் உள்ளே கை வைப்போம். முறிவு சிறிதும் விலகாதவர்களுக்கும், அறுவையைத் தாங்கவே இயலாதவர்களுக்கும் மாவுக்கட்டு உண்டு.

இவற்றுள் எது என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'முழங்காலை எந்த நாளில் மடக்கத் தொடங்கலாம்?' பிளேட் வைப்பதன் நோக்கமே அதுதான். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்ததும், வலிக்கிறது என்று தலையணையில் காலை நீட்டி வைத்துப் பொத்திப் பாதுகாக்கும் அன்பான தாய்மார்களே, உங்கள் அன்பினால் அந்த முழங்கால் இறுகிப் போகிறது. தொடைத் தசை எலும்போடு ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. மருத்துவர் அனுமதித்த அளவுக்கு நாள்தோறும் மடக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லும்வரை எடை ஊன்றக் கூடாது. மடக்குவது வேறு, ஊன்றுவது வேறு. எலும்பு கூட மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கும், சர்க்கரையைக் கட்டுக்குள் வையாதவருக்கும் கூடாமலே போவதுண்டு.

சமதரையில் நடப்பதற்கு முழங்கால் ஏறத்தாழ 65 பாகை மடங்கினால் போதும். படியேற 90 பாகைக்கு மேல் வேண்டும். தொழுகையின் இருப்புக்கு 130 பாகைக்கும் மேலே வேண்டும். நல்ல சிகிச்சை பெற்றவர்களிலும் எல்லோருக்கும் அந்த அளவு திரும்புவதில்லை. அதனால் மனமுடைந்து பள்ளிக்கு வருவதையே நிறுத்தியவர்கள் உண்டு. நபி (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து காயமுற்ற நாட்களில் அமர்ந்து தொழுதார்கள் என்பதை நம் இமாம் அவர்கள் இன்னும் விரிவாக எடுத்துச் சொல்வார்கள். கட்டின் மீது ஈரக்கையால் தடவி உளூச் செய்யும் சட்டத்தையும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உளூவுக்காகக் கட்டை நனைத்துக்கொண்டு வந்து நிற்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இளைஞர்களைப் பற்றியே பேசிவிட்டேன். இம்முறிவு வாட்டும் இன்னொரு கூட்டம் நம் வீட்டு மூத்த பெண்கள். அவர்களுக்கு லாரி வேண்டியதில்லை. கொல்லைப்புறத்தில் ஈரத்தில் வழுக்கினால் போதும், வாசற்படி தட்டினால் போதும். மாதவிலக்கு நின்ற பின் எலும்பு மெலிந்து, உள்ளே சல்லடை மட்டுமே எஞ்சியிருக்கும். இவ்வளவு வெயில் அடிக்கும் இக்கடற்கரையிலும் வைட்டமின் டி குறைந்த பெண்களை நாள்தோறும் பார்க்கிறேன். வீட்டு முற்றத்தில் சற்று நேரம் வெயில் படுவதற்கு எந்த மறைப்பும் தடையில்லை.

அவ்வாறு விழுந்த எழுபத்தைந்து வயது மூதாட்டிக்கு அறுவை வேண்டும் என்று சொன்னால், பிள்ளைகள் கூடிப் பேசிவிட்டு வந்து, 'வயசாச்சு டாக்டர், உம்மாவைக் கஷ்டப்படுத்த வேண்டாம், படுக்கையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்' என்பார்கள். உள்ளன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் படுக்கையில் என்ன நடக்கிறது? புரட்டும்போதெல்லாம் எலும்பு உராய்ந்து அலறுவார். அதற்கு அஞ்சிப் புரட்டாமல் விடுவார்கள். முதுகில் புண் வரும். நெஞ்சில் சளி கட்டும். காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறும். இடுப்பெலும்பு முறிந்த முதியோருக்குள்ள ஆபத்து இதற்கும் சற்றும் குறையாமல் உண்டு. அவருக்கு நாங்கள் அறுவை செய்வது ஓடியாடுவதற்காக அன்று. வலியின்றி எழுந்து உட்காருவதற்காக. இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றைச் சீர் செய்துகொண்டு, இயன்றவரை இரண்டொரு நாளில் செய்துவிட்டால் பலர் எழுந்து அமர்கிறார்கள். மயக்க மருந்தில் ஆபத்து இல்லையா என்றால், உண்டு. அதை மறைக்க மாட்டோம். படுக்கையில் இருக்கும் ஆபத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதே என் வேண்டுகோள். உம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் அவரைத் தவிர மற்ற எல்லோரும் பேசுகிறார்கள்.

அடி ஏதும் படாமலே, சில மாதம் முழங்காலுக்கு மேல் வலியும் வீக்கமும் இருந்து, பின் நடக்கையில் எலும்பு முறிந்தால் அது கட்டியாக இருக்கக்கூடும். இளவயதினருக்கும் இவ்விடத்தில் வருவதுண்டு. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் மயில்வாகனன் நடராஜன் அவர்கள் இத்தகைய கட்டியுள்ள எலும்பை எடுத்துவிட்டு அளவெடுத்துச் செய்த உலோக எலும்பைப் பொருத்திப் பல கால்களைக் காத்தவர். 2007இல் பத்மஸ்ரீ பெற்றார். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது அத்தகைய கட்டிக்குச் செய்யக்கூடிய மிகத் தீய காரியம்.

செலவைப் பற்றிக் கவலைப்பட்டே பலர் கட்டு வைத்தியத்தை நாடுகிறார்கள். தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி 2000இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்போல் எல்லாவற்றுக்கும் பாளையங்கோட்டைக்கு ஓட வேண்டியதில்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை உள்ளவர்கள் அதை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக வழங்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் ஒரு இலட்சம் ரூபாய் வரை என்று வரையறுத்தார்கள். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அது செல்லும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி ஒதுங்குபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உதவ வந்தவரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிமுறைகளை 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்குப் பிரிவு சேர்த்தார்கள். பெயரைக்கூடச் சொல்லாமல் நீங்கள் செல்லலாம். 2022ஆம் ஆண்டில் நாட்டிலேயே அதிகமாக, 64,105 சாலை விபத்துகள் தமிழ்நாட்டில் பதிவாயின. நாற்கரச் சாலை ஓரத்து ஊர்க்காரர்களாகிய நாம்தாம் முதலில் போய்ச் சேருபவர்கள்.

போய்ச் சேர்ந்தவுடன் செய்ய வேண்டியது குறைவு, செய்யக்கூடாததே அதிகம். காலை இழுத்து நேராக்க முயலாதீர்கள், மடக்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். காயத்தில் காப்பித்தூள், மஞ்சள் எதையும் இடாமல் சுத்தமான துணியால் மூடுங்கள். சோடாவோ தேநீரோ கொடுக்காதீர்கள்; மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை கால் கிடக்கும் நிலையிலேயே இருபுறமும் சுருட்டிய துணியை அண்டைக் கொடுத்து, தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எட்டும் சட்டத்தை வைத்துக் கட்டுங்கள். விரல் நுழையும் தளர்ச்சி இருக்கட்டும். பாதம் வெளியே தெரியட்டும். அது வெளுக்கிறதா, குளிர்கிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்துல்லாஹ் இப்னு அதீக் (ரலி) அவர்கள் நிலவொளியில் படியிறங்கும்போது விழுந்து கால் முறிந்தார்கள்; தலைப்பாகையை அவிழ்த்து அதைக் கட்டிக்கொண்டார்கள் என்று புகாரியில் பதிவாகியிருக்கிறது. கையிலிருந்த துணி போதுமானதாயிற்று.

நிர்வாகக் குழுவினரிடம் ஒன்று கேட்கிறேன். நமது ஜனாஸா வண்டி நிற்கும் கொட்டகையில் ஒரு மடக்கு ஸ்ட்ரெச்சரும், நாலடி நீளச் சட்டங்கள் நான்கும், பஞ்சுச் சுருள்களும் இருக்க வேண்டும். பைத்துல் மாலுக்கு அது பெரிய செலவன்று. சாவியை முஅத்தினிடம் கொடுத்து வையுங்கள். இரவிலும் அவர் இங்கேதான் இருப்பார்.

இன்று இஷாவுக்குப் பிறகு மதரஸா கூடத்தில் கட்டிப் பழகுவோம். இளைஞர்கள் ஆளுக்கொரு பழைய வேட்டி கொண்டு வாருங்கள். படுத்துக் காட்ட ஒருவர் வேண்டும்; உயரமானவராக இருந்தால் நல்லது, சட்டத்தின் நீளம் போதுமா என்று அப்போதுதான் தெரியும்.